வோஸ்வியூவர்: பசுமைப் பொருளாதார ஆய்வேட்டுக்கு எவ்வளவு நம்பலாம்?

சுங்கை சிப்புட் தோட்டப்புற வீட்டில் இருந்தபடியே பசுமைப் பொருளாதாரத்தில் முதுகலை ஆய்வேடு எழுதும் நம் பிள்ளைகள் இந்த மென்பொருளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். லெய்டன் பல்கலைக்கழகத்தின் வான் எக், வால்ட்மன் இருவரும் உருவாக்கியது, இலவசம். ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் எந்தக் கருச்சொற்கள் சேர்ந்தே வருகின்றன என்று எண்ணி, வட்டமும் கோடுமாக வரைந்து தரும். தரவை ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் விட்டுவிட்டு வரும் வீட்டிலும் வேலை நிற்காது.

ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தின் தரவைப் பல்கலைக்கழக நூலகக் கணக்கின் வழி எடுங்கள். இறக்கும்போது ஆய்வுச்சுருக்கம், கருச்சொல், மேற்கோள் பட்டியல் மூன்றையும் டிக் செய்ய வேண்டும்; கருச்சொல்லை விட்டால் வரைய ஒன்றுமே இருக்காது. அந்தக் கோப்பை எக்செலில் திறந்து சேமிக்காதீர்கள், எழுத்துகள் சிதைந்துவிடும். 2022இல் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸ் என்ற இன்னொரு தரவுத்தளம் கட்டணமற்றது. ஆனால் அதன் கருச்சொற்கள் ஆசிரியர்கள் இட்டவை அல்ல.

முதலில் வரும் வரைபடத்தை வைத்து அத்தியாயம் எழுதத் தொடங்குவதுதான் பெரிய ஆபத்து. செம்பனை ஆலைக் கழிவுநீரை 4 கட்டுரைகள் 'பாம் ஆயில் மில் எஃப்ளுயன்ட்' என்றும், வேறு 3 கட்டுரைகள் அதன் சுருக்கமான 'போம்' என்றும் குறித்திருந்தால், ஒரு சொல் குறைந்தது 5 முறை வந்தால்தான் வரைபடத்தில் இடம் என்ற மென்பொருளின் இயல்பு வரம்பை இரண்டுமே எட்டாது. ஏழு கட்டுரைகள் இருந்தும் நம் வட்டார ஆலைகளுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்காது! இதற்குத்தான் ஒரே பொருளுள்ள சொற்களை ஒன்றாக்கும் தெசாரஸ் கோப்பு. நோட்பேடில் முதல் வரியில் 'லேபிள்', 'ரிப்ளேஸ் பை' என்ற இரு தலைப்புகளையும் ஆங்கிலத்தில் இட்டு, கீழே பழைய சொல்லையும் மாற்றுச் சொல்லையும் வரிசையாக அடியுங்கள். இடையில் டேப் இருக்க வேண்டும். ஸ்பேஸ் தட்டினால் வேலை செய்யாது. மாற்றுச் சொல்லைக் காலியாக விட்டால் அந்தச் சொல் நீங்கிவிடும். தரவு எடுக்கும்போது தேடிய சொல்லையே இப்படி நீக்குங்கள். இல்லையேல் அது நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்ளும்.

'பசுமை வளர்ச்சி', 'சுழற்சிப் பொருளாதாரம்' இரண்டையும் பசுமைப் பொருளாதாரத்தோடு சேர்த்துவிடாதீர்கள். பியர்ஸ், மார்க்கண்டேயா, பார்பியர் மூவரின் 1989 அறிக்கையில் எழுந்த பசுமைப் பொருளாதாரக் கருத்து, 2012 ரியோ மாநாட்டின் மையப் பொருள்களில் ஒன்றானது. அதன்பின் ஆய்வு எங்கே நகர்ந்தது என்பதைக் காட்டுவதே அந்தத் தனித்தனிச் சொற்கள்.

வரைபடத்தில் சொற்களுக்கு வரும் ஆண்டு வாரியான நிறம், அவை வந்த கட்டுரைகளின் ஆண்டுகளது வெறும் சராசரி. பழைய சொல் இன்றும் பரவலாக இருந்தாலும் நடுத்தர வயதாகவே தெரியும். காலப்போக்கைச் சொல்ல, பிப்லியோமெட்ரிக்ஸ் என்ற இன்னொரு ஆய்வு மென்பொருளின் திரைமுகமான பிப்லியோஷைனி மேல். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் ஆகிய இரு தரவுத்தளங்களிலும் தரவு எடுத்தவர்களும் பிப்லியோமெட்ரிக்ஸில் இரட்டிப்புகளை நீக்கிக்கொள்வது நல்லது.

தோட்டத் தொழிலாளரின் கூலி, குடியிருப்பு பற்றிய சொற்களைத் தேடுகிறவர்கள் வரம்பை 2ஆகக் குறைத்து இன்னொரு முறை ஓட்டுங்கள். எந்த வரம்பு, எந்தத் தெசாரஸ், தரவு இறக்கிய தேதி என்ன என்பதைப் பின்னிணைப்பில் போடாத வரைபடத்தை மேற்பார்வையாளர் ஏற்கக் கூடாது.