வெள்ளவத்தைல பிள்ளையளுக்கு எழுதப் பழக்கிற கிளாஸ், அனுப்பலாமா?

முதலே சொல்லிடுறன், ஓ/எல் பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசம் தான் இருக்கு, பிள்ளைக்கு தமிழ்ல ஏ வரோணும் எண்டு ஓடித்திரியிற ஆக்களுக்கு இந்த கிளாஸ் சரிவராது. அவை பாஸ்ட் பேப்பர் கிளாஸுக்கே போகட்டும். பிள்ளை தரம் 8, 9ல இருக்கு, சொந்தமா ஒரு பக்கம் எழுதச் சொன்னா பேனையைக் கடிச்சுக்கொண்டு இருக்குது, இல்லாட்டி பாடமாக்கினதை அப்பிடியே கொட்டி வைக்குது எண்டா மட்டும் மிச்சத்தை வாசியுங்கோ. என்ட மகள் தரம் 9, ஒரு தவணை முழுக்க போனவ, இப்பவும் போறா.

இடம் வெள்ளவத்தை, காலி வீதில இருந்து கடல் பக்கமா இறங்கிற லேன் ஒண்டுல, ஒரு வீட்டு மேல்மாடி. டீச்சர் தன்ட பேர் போட வேண்டாம் எண்டு சொன்னவா, ஏற்கனவே ஆக்கள் கூடிப்போச்சாம், அதால நான் போடேல்ல. 100, 101 பஸ்ல வந்தா இறங்கி நடக்கிற தூரம் தான், காரில வாறவை மரைன் டிரைவ்ல விட்டிட்டு நடந்து வாங்கோ, லேனுக்குள்ள நிப்பாட்டினா பக்கத்து வீட்டு அங்கிள் வந்து ஏசுவார், அவர்ல பிழையும் இல்லை. ஒரு பேட்சில பத்துப் பன்னிரண்டு பிள்ளையள். இது தான் எனக்கு முதல் பிடிச்ச விசயம், ஏனெண்டா முந்தி அவ போன பெரிய கிளாஸ்ல ஹோல் நிறைய பிள்ளையள், மைக்கில கட்டுரையை வாசிக்க வாசிக்க எழுதிக்கொண்டு வாறது தான் வேலை, வீட்டை வந்து பாடமாக்கிறது, பரீட்சைல அதைக் கொட்டுறது. பசுவைப் பாடமாக்கிப் போனவனுக்கு தென்னை மரம் வந்தா, பசுவைக் கொண்டுபோய் தென்னை மரத்தில கட்டிட்டு பசுவைப் பற்றி எழுதுவானாம் எண்டு ஒரு பழைய கதை இருக்கே, அது பகிடி இல்லை, என்ட மகள்ட கொப்பியில நான் கண்ணால பாத்தது. 'நூலகத்தின் பயன்', 'நான் விரும்பும் தலைவர்', 'சூழல் மாசடைதல்' மூண்டுமே "இன்றைய நவீன விஞ்ஞான உலகிலே" எண்டு தான் தொடங்குது!

இங்க என்ன செய்யினம் எண்டா, ஒருத்தரை இணங்க வைக்கிற மாதிரி எழுதப் பழக்கினம், அதுவும் ஒரு தவணைக்கு ரெண்டே ரெண்டு ஆக்கம் தான். ஓம், ரெண்டு தான். கேட்டவுடன எனக்கும் காசு விசர்க்காசோ எண்டு தான் யோசனை வந்தது. ஆனா அந்த ஒண்டையே நாலு தரம் திருப்பி எழுத வைக்கினம், முதல்ல யோசிச்சு குறிப்பு எடுக்கிறது, பிறகு கண்டபடி ஒரு வரைவு, பிறகு ஆளுக்காள் வாசிச்சுக் காட்டி மாத்தி எழுதுறது, கடைசில தான் எழுத்துப்பிழை பாக்கிறது, அதுக்குப் பிறகு உண்மையிலயே ஒருத்தருக்கு குடுக்கிறது. தலைப்பு டீச்சர் குடுக்கிறேல்ல. "உங்களுக்கு கோவம் வாற ஒரு விசயத்தை எடுங்கோ, அதை மாத்தக்கூடிய ஒரு ஆளை கண்டுபிடியுங்கோ" எண்டு மட்டும் தான் சொல்லுறா.

என்ட மகள் எடுத்தது பஸ்ல பாட்டை அலற விடுறது. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வரேக்க அவவுக்கு தலையிடி, உண்மையான கோவம். முதல் வரைவு இப்பிடித் தொடங்குது: "ஒலி மாசடைதல் என்பது இன்று உலகம் எதிர்நோக்கும் பாரிய பிரச்சினைகளில் ஒன்றாகும்." டீச்சர் அதுக்குப் பிழை போடேல்ல, ஒரே ஒரு கேள்வி தான் ஓரத்தில பென்சிலால எழுதியிருந்தவா: "இதை வாசிச்சா டிரைவர் வொலியூமைக் குறைப்பாரா?" அவ்வளவு தான். அந்தக் கேள்வில பிள்ளை ரெண்டு நாள் மண்டையை உடைச்சவ. டிரைவருக்கு எழுதினா ஒரு கதை, ஏனெண்டா அவருக்கு நித்திரை வராம இருக்க பாட்டு வேணும், அதோட ஆக்கள் ஏறோணும், கலெக்‌ஷன் வரோணும். போக்குவரத்துக்கு பொறுப்பான அலுவலகத்துக்கு எழுதினா வேற கதை, அவைக்கு எந்த ரூட், எத்தனை மணி, எந்த இடத்தில எண்டு விபரம் வேணும், "நவீன உலகிலே" எல்லாம் அங்க எடுபடாது. கடைசில டிரைவர்மாருக்கு எண்டே எழுதுறது எண்டு முடிவெடுத்து மூண்டாவது வரைவு இப்பிடி வந்தது: "அண்ணா, பாட்டை நிப்பாட்டச் சொல்லி கேக்கேல்ல. பின் சீட்டில இருக்கிற ஆக்களுக்கு கொண்டக்டர் கூப்பிடுற இடம் கேக்கிறேல்ல, அதால இறங்க வேண்டிய ஹோல்ட் தாண்டி கத்துறம், நீங்களும் நடுவில பிரேக் போட வேண்டி வருது." எனக்கு அதை வாசிக்க ஆச்சரியமா இருந்தது, ஏனெண்டா அந்த பிரேக் விசயம் கிளாஸ்ல குடுக்கிற நோட்ஸ் தாள், அதான் டியூட், ஒண்டுலயும் இல்லை, பிள்ளை தானே பஸ்ல இருந்து பாத்து எடுத்தது.

அரிஸ்டாட்டில் சொன்ன மூண்டு விசயமும் படிப்பிக்கினம், சொல்லுற ஆளை நம்பலாமா, கேக்கிற ஆள்ட மனசில படுதா, சொல்லுறதில நியாயம் இருக்கா எண்டு. அதை ஒரு கிளாஸோட முடிச்சிட்டினம், நல்லது தான், பெடியளுக்கு கிரேக்கப் பேர் பாடமாக்கிறது பிறகு இன்னொரு டியூட் ஆகிடும்.

கூட நேரம் செலவழிக்கிறது எதிர்ப்பக்கத்தில. ஒவ்வொரு பிள்ளையும் மற்றப் பிள்ளைட எழுத்தை வாசிச்சு 'நான் நம்பேல்ல' எண்டு படுற இடத்தில பென்சிலால கோடு போடோணும், எழுதின ஆள் அந்தக் கோட்டுக்கு பதில் எழுதோணும். நான் ஒரு நாள் வேளைக்கே போய் வெளிக்கதிரைல இருந்தன், உள்ளுக்க கதைக்கிறது வடிவா கேட்டது. ஒரு பெடியன் சோத்துப் பார்சல் சுத்துற பொலித்தீன் லஞ்ச் சீட்டைத் தடை செய்யோணும் எண்டு எழுதியிருக்கிறான், டீச்சர் கேக்கிறா, "அது 2017 செப்டெம்பர்லயே தடை தானே தம்பி, இப்ப நீ என்னத்தைக் கேக்கிறாய்?" எண்டு. பெடியன் முழுசுறான். "மிஸ், ஆனா நேத்தும் கடைல அதில தானே சுத்தித் தந்தவை" எண்டான். "அப்ப அதை எழுது" எண்டவா. அந்த இடத்தில கட்டுரைட கேள்வியே மாறிப்போச்சு, சட்டம் வேணும் எண்டது போய், இருக்கிற சட்டம் ஏன் கடைவரைக்கும் வரேல்ல, வாழை இலையும் மற்ற சீட்டும் என்ன விலை, கடைக்காரர் ஏன் மாத்துறாரில்லை எண்டு வந்திட்டுது. இப்பிடி ஒரு நிமிசம் நடக்கிறதுக்காகவே நான் காசு கட்டுவன், மைக் கிளாஸ்ல இது நடக்க வழியே இல்லை.

இனி பெற்றோருக்கு கோவம் வாற இடம். முதல் ரெண்டு வரைவிலயும் சிவப்பு மை இல்லை. ர, ற மாறி இருக்கும், ல, ள, ழ மூண்டும் விளையாடும், ஒற்று எங்கயும் கிடையாது, டீச்சர் ஒண்டையும் தொடமாட்டா. வட்ஸ்அப் குரூப்பில ஒரு அம்மா கொப்பியைப் படம் எடுத்துப் போட்டு "இதுக்கோ காசு கட்டுறம்?" எண்டு கேட்டவா. டீச்சர்ட பதில் எனக்கு சரியாப் பட்டது: அடுத்த வரைவில பாதிப் பந்தி வெட்டுப்படப் போகுது, வெட்டப்போற வசனத்துக்கு ஒற்று போட்டு என்ன பிரயோசனம், அதோட சிவப்பைக் கண்டா பிள்ளை கருத்தை விட்டிட்டு சுழியைத் தான் திருத்தும். இந்த முறையை இவா கண்டுபிடிக்கேல்ல, அமெரிக்கால டொனால்ட் மரே எண்டு ஒருத்தர், 1954ல பத்திரிகைத் தலையங்கத்துக்கு புலிட்சர் பரிசு எடுத்த ஆள், பிறகு பல்கலைக்கழகத்தில படிப்பிச்சவர், 1972லயே சொல்லிட்டார், எழுதி முடிச்சதைத் திருத்துறதை விட எழுதுற வேலையைப் பழக்குங்கோ எண்டு. எங்கட பக்கம் வந்து சேர இவ்வளவு காலம், சரி விடுங்கோ.

ஆனா டீச்சர் அதோட நிக்காம நன்னூலையும் கொண்டுவந்து வச்சிருக்கிறா, எனக்கு இந்தக் கிளாஸ்ல மிகவும் பிடிச்சது அது தான். பவணந்தி முனிவர் பாயிரத்தில ஒரு நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றம் எண்டு சொல்லுறாரே, கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல் எண்டு, அதை ஒரு மட்டையில எழுதி சுவரில ஒட்டியிருக்கு. பிள்ளையள் ஆளுக்காள் வாசிக்கேக்க அந்தப் பேரைச் சொல்லித்தான் கோடு போடுதுகள். "உன்ட மூண்டாம் பந்தி சென்று தேய்ந்து இறுதல்" எண்டு ஒரு பிள்ளை மற்றதுக்கு சொல்லுது, சொல்லிட்டு சிரிக்குது. நல்லா தொடங்கி போகப்போக நூலாத் தேய்ஞ்சு முடியிறது, எங்கட பிள்ளையளுக்கு மட்டும் இல்லை, கொழும்பில மேடை ஏறுற முக்கால்வாசிப் பேச்சாளர்மாருக்கும் இருக்கிற வியாதி. 13ஆம் நூற்றாண்டுச் சரக்கு, இண்டைக்கும் வேலை செய்யுது. பள்ளிக்கூடத்தில நாங்கள் அதைப் பாடமாக்கினது தான், பாவிக்கலாம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல.

குறையும் இருக்கு, அதையும் சொல்லத்தான் வேணும். குறிப்பு எடுக்க ஒரு தாள் குடுக்கினம், கருத்து, காரணம், உதாரணம், திரும்பக் கருத்து எண்டு நாலு பெட்டி. தொடக்கத்துக்கு சரி, ஆனா தவணை முடிஞ்சும் அதை விடுகினம் இல்லை, அதால பன்னிரண்டு பிள்ளைட எழுத்தும் ஒரே அச்சில வார்த்த மாதிரி, கடைசிப் பந்தி முழுக்க முதல் பந்திட எதிரொலி. கூறியது கூறல் குற்றம் எண்டு சுவரில ஒட்டிட்டு, அதையே செய்யச் சொல்லி தாள் குடுக்கிறது எப்பிடி எண்டு நான் கேட்டன், டீச்சர் சிரிச்சவா, மாத்தேல்ல. அடுத்தது, இந்தக் கிழமை யோசிக்கிறது, வாற கிழமை வரைவு எண்டு படி படியா கட்டிவச்சிருக்கிறது. எழுதுற ஆக்கள் அப்பிடி நேர்கோட்டில போறேல்ல, எழுதிக்கொண்டிருக்கேக்க தான் புதுசா ஒண்டு தோணும், திரும்பப் போய் யோசிக்க வேணும், இதை ஃப்ளவர், ஹேய்ஸ் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளரும் 1981லயே எழுதியிருக்கினம். மகள் மூண்டாவது வரைவில நிக்கேக்க வேற ஆளுக்கு எழுதினா என்ன எண்டு கேட்டவ, "இனி நேரமில்லை" எண்டிட்டினம். அந்தக் கேள்வி வந்ததே பெரிய விசயம், அதுக்கு இடம் குடுத்திருக்கலாம்.

கடைசிப் படி, எழுத்துப்பிழை பாக்கிறது, ஒரே நாள்ல அவசரமா முடிச்சிட்டினம். முதல்ல தொடமாட்டம் எண்டு சொல்லுறது சரி, அப்ப கடைசில வடிவா தொடோணுமே, மகள் வீட்டை கொண்டுவந்த முடிஞ்ச பிரதியில 'கருத்துக்கள்', 'கருத்துகள்' ரெண்டும் மாறி மாறி கிடக்குது. இங்கிலீஷ் மீடியம் பிள்ளையளுக்கு தனி டீச்சர் ஒரு ஆள் வாறவர், அந்தப் பக்கம் இன்னும் மெல்லிசு, இன்டர்நெட்ல எடுத்த வொர்க்‌ஷீட், அமெரிக்கப் பள்ளிக்கூடத்துக் கஃபட்டீரியா சாப்பாடு சரியோ பிழையோ எண்டு கேள்வி, எங்கட பிள்ளைக்கு கன்டீன் ரோல்ஸைத் தவிர என்ன தெரியும்.

நேரம் பாத்து எழுதுற பயிற்சி இல்லவே இல்லை. நாலு வரைவில எழுதிப் பழகின பிள்ளை பரீட்சை ஹோல்ல ஒரே தரத்தில எழுதோணும், அது வேற திறமை, அதுக்கு வீட்டில நாங்கள் தான் மணிக்கூடு வச்சுப் பழக்கிறம். பள்ளிக்கூடத் தவணைப் பரீட்சைல கட்டுரைக்கு புள்ளி கூடினதா எண்டு கேட்டா, பெரிசா இல்லை. ஆனா கொட்டுறது நிண்டுபோச்சு. வீட்டில ஒரு பக்க விளைவும் இருக்கு, கணக்கு டியூஷன் ரெண்டில ஒண்டை நிப்பாட்டச் சொல்லி எனக்கும் அப்பாவுக்கும் ஒரு கடிதம் வந்தது, நாங்கள் என்ன மறுப்புச் சொல்லுவம் எண்டதையும் அவவே எழுதி அதுக்கு பதிலும் எழுதி, அப்பாக்கு ஒரு காரணம் எனக்கு வேற காரணம். ஒண்டை நிப்பாட்டிட்டம்.

காசு, இந்தப் பக்கம் ஒரு மாஸ் கிளாஸுக்கு, அதான் ஹோல் நிறைய பிள்ளையளை வச்சு நடத்திறதுக்கு, கட்டுறதைப்போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, ஃபோட்டோக்கொப்பிக்கு வேற தனியா எடுக்கினம், அது எனக்கு பிடிக்கேல்ல. ஏசி இல்லை, ரெண்டு ஃபேன், ஏப்ரல் பக்கம் போற பிள்ளைக்கு தண்ணிப் போத்தல் குடுத்து அனுப்புங்கோ. 5க்கு 4 குடுப்பன், தமிழ்ப் பக்கத்துக்கு மட்டும், இங்கிலீஷ் பக்கத்துக்கு இப்ப இருக்கிற நிலைல 2 கூட யோசிச்சுத்தான். சனி பின்னேர பேட்ச் நிரம்பிட்டுதாம், ஞாயிறு காலமை தான் இடம் இருக்கு எண்டு போன கிழமை சொன்னவா, அறநெறிப் பாடசாலைக்குப் போற பிள்ளை எண்டா நேரம் இடிக்கும், காசு கட்ட முதல் அதைக் கேட்டுக்கொள்ளுங்கோ.