ஜாலஹள்ளியிலிருந்து கலிபோர்னியா போன மெழுகுக் கட்டை: 21 ஜீன் டெஸ்ட் எடுத்த அனுபவம்

மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ வேண்டுமா என்று பார்க்கும் 21 ஜீன் டெஸ்டை என் மனைவிக்கு எடுத்தோம். முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். எங்களுக்கு மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. இன்சூரன்ஸ் ஒரு பைசா தரவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்காமல் எடுத்த டெஸ்டுக்குப் பணம் கிடையாதாம். எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை, சண்டை இன்னும் முடியவில்லை.

நான் எச்எம்டி கடிகாரத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன். இருபத்திரண்டு வருஷம் பெங்களூர் ஜாலஹள்ளியில் கண்ணில் லூப்பை (சின்னப் பூதக்கண்ணாடி) மாட்டிக்கொண்டு பல்சக்கரம் பார்த்தேன். எந்த அளவுகோலைக் கையில் கொடுத்தாலும் ‘இது எதை அளக்கிறது, எதை வைத்துச் சரிபார்த்தார்கள்’ என்று கேட்காமல் விடமாட்டேன். ஆகவே இதையும் ஒரு கேஜைப் பார்ப்பது போலத்தான் பார்த்தேன். டாக்டர் அல்ல என்பதை மறந்துவிடாமல் படியுங்கள்.

என் மனைவிக்கு வயது 61. வீட்டிலேயே மாவு ஆட்டி, சுற்றி உள்ள பதினான்கு வீடுகளுக்குத் தினமும் கொடுக்கிறாள். போன வருஷம் இடது மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து வந்த ரிப்போர்ட்டில்: 1.8 சென்டிமீட்டர், கிரேடு 2, அக்குளில் நிணநீர் முடிச்சுகள் சுத்தம், ஈஸ்ட்ரோஜன் பாசிட்டிவ் (கட்டி அந்த ஹார்மோனை நம்பி வளர்கிறது), ஹெர்2 நெகட்டிவ் (வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்2 புரதம் அதிகம் இல்லை). செல்கள் பெருகும் வேகத்தைச் சொல்லும் கேஐ-67 மட்டும் 24 சதவீதம். “இது நடுவில் இருக்கிறது. ஹார்மோன் மாத்திரை நிச்சயம் வேண்டும். கீமோ வேண்டுமா வேண்டாமா என்பதை நான் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது” என்றார் டாக்டர். அப்புறம்தான் ஆன்கோடைப் டிஎக்ஸ் என்று இந்த 21 ஜீன் டெஸ்டின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

அவளுக்கு முடி கொட்டுவதைப் பற்றிக் கவலையே இல்லை. “ஏங்க, நாலு மாசம் கிரைண்டர் ஓடலன்னா அந்தப் பதினாலு வீடும் பாக்கெட் மாவுக்குப் போயிடுவாங்க, திரும்ப வர மாட்டாங்க” என்றாள். அவள் கணக்கு அது.

டெஸ்ட் என்ன செய்கிறது என்று எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். ஒரு வொர்க்‌ஷாப்பில் எல்லா பாகத்துக்கும் டிராயிங் பீரோவில் இருக்கும். இன்றைக்கு எந்த பாகம் ஓடுகிறது என்று பீரோவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஷாப்பில் எந்த ஜாப் கார்டு (வேலைச் சீட்டு) எத்தனை சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். ஜீன் என்பது டிராயிங். ஆர்என்ஏ என்பது ஜாப் கார்டு. இந்த டெஸ்ட் கட்டியில் ஜாப் கார்டுகளை எண்ணுகிறது. எண்ணும் முறை, கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டார்களே, அதே ஆர்டி-பிசிஆர் வகைதான்.

மொத்தம் 21 ஜீன். அதில் 16தான் புற்றுநோய் சம்பந்தப்பட்டவை. மீதி ஐந்து எதற்கு என்று கேட்டேன். அவை எல்லா செல்லிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஓடிக்கொண்டிருப்பவை. ஆக்டின், ஜிஏபிடிஎச் மாதிரி. மெழுகில் மாதக்கணக்கில் கிடந்த சதையில் ஆர்என்ஏ கொஞ்சம் சிதைந்திருக்கும், ஒரு மாதிரியில் நிறைய இருக்கும், இன்னொன்றில் குறைவாக இருக்கும். இந்த ஐந்தோடு ஒப்பிட்டுத்தான் மற்ற பதினாறையும் படிக்கிறார்கள். அதாவது மாஸ்டர் பீஸ், மற்ற அளவுகளை ஒப்பிட்டுச் சரிபார்க்க வைத்திருக்கும் துண்டு! இதைக் கேட்டவுடன் பாதி சந்தேகம் போய்விட்டது. மாஸ்டர் இல்லாத அளவை நான் நம்புவதில்லை.

பதினாறும் சமம் இல்லை. 2004இல் வெளியான மூல ஆய்வில் கணக்கு அப்படியே அச்சாகி இருக்கிறது. செல் பெருக்கத்தோடு தொடர்புள்ள ஐந்து ஜீன்களுக்கு எடை 1.04. ஹெர்2 குழுவுக்கு 0.47. ஈஸ்ட்ரோஜன் குழுவுக்கு மைனஸ் 0.34, அந்த ஜீன்கள் நன்றாக ஓடினால் எண் இறங்கும். மற்றவை எல்லாம் சில்லறை. எல்லாம் கூட்டிக் கழித்து 0 முதல் 100 வரை ஒரு எண்.

பெருக்கத்துக்கு ஏன் அவ்வளவு எடை என்று யோசித்தால் கீமோ எப்படி வேலை செய்கிறது என்பதும் புரிந்துவிடும். வழக்கமான கீமோ மருந்துகள் பெரும்பாலும் செல் இரண்டாகப் பிரியும் வேலையில்தான் கை வைக்கின்றன. பேக்லிடாக்செல் பிரிகிற செல்லின் உள்கயிறுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, டாக்சோரூபிசின் டிஎன்ஏ நகலெடுப்பதைக் கெடுக்கிறது. ஓடுகிற மிஷினுக்குள் கம்பியை விட்டால் பல் உடையும். நிற்கிற மிஷினுக்குள் விட்டால் ஒன்றும் ஆகாது. மெதுவாகப் பிரிகிற, ஈஸ்ட்ரோஜனை நம்பி வாழ்கிற கட்டிக்கு கீமோ பெரிதாக உறைக்காது, ஆனால் மாத்திரை உறைக்கும். 2006இல் 651 பெண்களின் பழைய மாதிரிகளில் பார்த்தபோது, எண் 31 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு கீமோவால் பத்து வருஷத்தில் நோய் பரவும் வாய்ப்பு சுமார் 28 சதவீதப் புள்ளி குறைந்தது. 18க்குக் கீழே இருந்தவர்களுக்குப் பலன் என்று சொல்ல எதுவும் தெரியவில்லை. நான் கீமோ என்றால் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் நல்லது செய்யும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை போலிருக்கிறது.

சரி, சேவைக்கு வருவோம். டெஸ்டை விட மாதிரியைக் கொடுத்தனுப்புவதுதான் பெரிய பாடு.

ஆபரேஷனில் எடுத்த கட்டியைத் துண்டு துண்டாக வெட்டி மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். பிளாக் என்கிறார்கள். தீப்பெட்டியை விடச் சின்னது, பிளாஸ்டிக் சட்டத்தில் வெள்ளை மெழுகு, நடுவில் பழுப்பாக ஒரு துணுக்கு. அதை ஆஸ்பத்திரி பெத்தாலஜியிலிருந்து நாம்தான் வாங்க வேண்டும். முதல் நாள் போனபோது கவுண்டரில் “நாளெ பன்னி” (கன்னடத்தில், நாளைக்கு வாங்க) என்றார்கள். மறுநாள் கையெழுத்துப் போடும் டாக்டர் லீவு. மூன்றாம் நாள் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். பழக்கதோஷம், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தேன். பக்கவாட்டில் பென்சிலில் பி-2 என்று எழுதியிருந்தது. பையில் இருந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால், கட்டி ஏ-2 முதல் ஏ-4 வரை. பி வரிசை எல்லாம் அக்குள் முடிச்சுகள். சுத்தமான முடிச்சு! அதை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்லவேளை, அங்கே போனதும் முதலில் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புற்றுநோய் போதுமான அளவு இருக்கிறதா என்று உறுதி செய்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்களாம். இருந்தாலும் வாரக்கணக்கில் நாள் போயிருக்கும். திரும்பப் போய்க் காட்டினேன். “எல்லாம் அதே பேஷண்டுதானே சார்” என்றார் அந்தத் தம்பி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ஒரு நாளைக்கு எத்தனை பார்க்கிறாரோ. ஏ-3 வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதன்பின் எல்லாம் கிரமமாக நடந்தது. வீட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டார்கள், கலிபோர்னியாவில் ரெட்வுட் சிட்டிக்குப் போனது, எங்கே இருக்கிறது என்று போனில் செய்தி வந்துகொண்டே இருந்தது. டிக்கெட் வாங்காமல் எங்கள் வீட்டிலிருந்து அமெரிக்கா போன முதல் ஆள் என்று என் மனைவி சிரித்தாள். அனுப்பிய பதினான்காம் நாள் ரிப்போர்ட்.

எண் 17.

முதல் பக்கத்தைப் பார்த்து எனக்குத் திக்கென்றது, 17 நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. டாக்டர் அமைதியாகத் தன் பேனாவால் வயதைச் சுட்டினார், 61. டெய்லர்-எக்ஸ் என்று ஒரு பெரிய ஆய்வு, 2018இல் வெளிவந்தது. 10,273 பெண்கள். எண் 11 முதல் 25 வரை வந்த 6,711 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, பாதிப் பேருக்கு மாத்திரை மட்டும், பாதிப் பேருக்கு கீமோவும் மாத்திரையும் கொடுத்தார்கள். ஒன்பது வருஷக் கணக்கில் நோய் திரும்பாமல், வேறு புற்றுநோயும் வராமல் உயிரோடு இருந்தவர்கள் ஒரு பக்கம் 83.3 சதவீதம், இன்னொரு பக்கம் 84.3. தொழிற்சாலையில் இந்த வித்தியாசத்தை நாங்கள் டாலரன்ஸுக்குள், அதாவது அனுமதித்த வித்தியாசத்துக்குள், என்போம். ஆனால் டாக்டர் ஒன்றை அழுத்திச் சொன்னார்: இதே 17, ஐம்பதோ அதற்குக் குறைவோ வயதுள்ள பெண்ணுக்கு வந்திருந்தால் பேச்சே வேறு. அந்த வயதில் 16 முதல் 25க்குள் இருந்தவர்களுக்கு கீமோவால் கொஞ்சம் பலன் தெரிந்தது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரருடைய எண்ணை வைத்து உங்கள் முடிவை எடுக்காதீர்கள்.

கீமோ வேண்டாம் என்று முடிவாயிற்று. ஹார்மோன் மாத்திரை மட்டும்: லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம், தினம் ஒன்று, ஐந்து வருஷம். அதுவும் சும்மா இல்லை, காலையில் விரல் மூட்டெல்லாம் பிடித்துக்கொள்கிறது, எலும்பு அடர்த்திக்கு ஸ்கேன், கால்சியம். ஆனால் கிரைண்டர் நிற்கவில்லை.

இப்போது எனக்குக் கோபம் வந்த விஷயம். இந்த டெஸ்டைப் பற்றி அல்ல, இதன் பெயரால் விற்கப்படும் வேறொன்றைப் பற்றி. கோலார் தங்கவயலில் இருக்கும் என் மச்சினிக்கும் அடுத்த ஆறு மாதத்தில் இதே நோய். வயது 46. ஆனால் அவளுடையது டிரிபிள் நெகட்டிவ், ஈஸ்ட்ரோஜனும் இல்லை, புரோஜெஸ்டிரோனும் இல்லை, ஹெர்2வும் இல்லை. “மாமா, அக்காவுக்கு எடுத்த டெஸ்டை எனக்கும் எடுத்துடலாமா?” என்று கேட்டாள். 21 ஜீன் டெஸ்ட் ஈஸ்ட்ரோஜன் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ் கட்டிக்கு மட்டும்தான். அவளுக்கு அளக்க ஒன்றும் இல்லை, கீமோ நிச்சயம். அங்கே ஒரு சென்டரில் (பெயர் வேண்டாம்) ஒருவர் அவளைப் பிடித்துக்கொண்டார். கட்டியிலிருந்து உயிருள்ள செல்லை எடுத்து, தட்டில் வளர்த்து, எந்த கீமோ மருந்துக்குச் சாகிறது என்று பார்த்துச் சொல்கிறோம், எண்பதாயிரம்.

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! நானும் ஒரு ராத்திரி மயங்கினேன். மறுநாள் டாக்டரிடம் கேட்டதும் தெளிந்தது. ஜீனுக்கும் மருந்துக்கும் உறவு இருப்பது உண்மை. 1976லேயே வெள்ளெலி செல்களில், மருந்தை உள்ளே தங்கவிடாத ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள், பி-கிளைக்கோபுரோட்டீன். வீட்டு சம்ப்பிலிருந்து தண்ணீரை வெளியே தள்ளும் மோட்டார் மாதிரி, செல்லுக்குள் வந்த டாக்சோரூபிசினை, பேக்லிடாக்செலை வெளியே தள்ளுகிறது. அதன் ஜீன் அதிகமாக ஓடினால் செல் மருந்துக்கு மசியாது. தட்டில் இது பளிச்சென்று தெரியும். மனிதரில் அந்த மோட்டாரை அடைக்கப் பல வருஷம் பல மருந்துகளைச் சோதித்தும் எதிர்பார்த்தது நடக்கவில்லை. உடம்பில் கட்டி தனியாக இல்லை. ரத்த ஓட்டம் இருக்கிறது, ஈரல் இருக்கிறது, கட்டியின் ஒரு மூலையில் ஓடும் ஜீன் மறுமூலையில் ஓடுவதில்லை. தட்டில் செல்லைக் கொல்லும் டெஸ்டை வைத்து சிகிச்சையை முடிவு செய்யாதீர்கள் என்று அமெரிக்கப் புற்றுநோய் டாக்டர்களின் சங்கமான ஆஸ்கோ 2004லும் சொன்னது, 2011லும் சொன்னது. ஆய்வுக்கு வெளியே வேண்டாம் என்று. மச்சினி அந்த எண்பதாயிரத்தைப் பெங்களூருக்கு வந்துபோகும் செலவுக்கு வைத்துக்கொண்டாள்.

எல்லா ஜீன் டெஸ்டும் ஏமாற்று என்று இதைப் படிக்க வேண்டாம். மூளையில் வரும் புற்றுநோயான கிளையோபிளாஸ்டோமாவில் எம்ஜிஎம்டி என்ற ஜீன் வாயடைத்துக் கிடந்தால் டெமோசோலமைட் மருந்து நன்றாகப் பிடிக்கிறது, 2005இலிருந்து தெரிந்த விஷயம். அந்த ஜீன் சரிசெய்யும் வேலை பார்ப்பது. அது ஓடினால் மருந்து டிஎன்ஏவில் செய்த சேதத்தைச் சரிசெய்துவிடும். ஒவ்வொரு கேஜும் தன் வேலைக்குத் தான்.

பணம் கட்டும் முன் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எந்த எண் வந்தால் என்ன செய்வீர்கள்?” எந்த எண் வந்தாலும் ஒரே சிகிச்சைதான் என்றால், அல்லது நீங்களே எதற்கும் கீமோ எடுப்பதாக முடிவு செய்துவிட்டால், மூன்று லட்சத்தைப் பத்திரமாக வையுங்கள். எங்களுக்கு அந்த எண்ணில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது, அதனால் ஐந்துக்கு நாலரை. அரை மார்க் விலைக்குக் குறைத்தேன். நிலம் விற்றுத்தான் எடுக்க முடியும் என்கிறவர்களுக்கு டாக்டர்கள் கிரேடு, கேஐ-67, வயது எல்லாம் வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள், அப்படி முடிவெடுத்துப் பிழைத்தவர்கள் ஏராளம்.

மீந்த பிளாக் திரும்பி வந்துவிட்டது. அதை ஆஸ்பத்திரியில் ஒப்படைக்க வேண்டும், நாளைக்கு வேறு டெஸ்டுக்குத் தேவைப்படலாம். போன வியாழக்கிழமை கொண்டுபோனேன். அதே கவுண்டர், அதே தம்பி. ரசீது புத்தகம் தீர்ந்துவிட்டதாம்.

“நாளெ பன்னி சார்.”