தானாக பொசிஷன் பண்ணும் மெஷின்: சி.டி. கேமராவா, மோட்டார் சி ஆர்மா?

மதுரையில் கே.கே. நகர், அண்ணா நகர் பக்கம் ஸ்கேன் சென்டரோ ஆர்த்தோ ஆஸ்பத்திரியோ தொடங்குகிறவர்களிடம் கம்பெனிக்காரர்கள் "தானே பொசிஷன் பண்ணிக்கும் சார், ரேடியேஷன் குறையும்" என்று இரண்டு சமாச்சாரத்தையும் ஒரே மூச்சில் விற்கிறார்கள். ஒன்று, சி.டி. டேபிளுக்கு மேலே மாட்டும் கேமரா. இன்னொன்று, ஆபரேஷன் தியேட்டருக்கான மோட்டார் சி ஆர்ம், அதாவது ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே படம் காட்டும் 'C' வடிவ மெஷின். விலையை விடுங்கள், டோஸ், அதாவது உடம்பில் படும் கதிரின் அளவு, யாருக்குக் குறைகிறது என்பதே இரண்டிலும் வேறு.

சி.டி.யில் லாபம் முழுக்க நோயாளிக்குத்தான், டெக்னீஷியன் எப்படியும் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருக்கிறார். நோயாளி கேன்ட்ரியின் (மெஷினின் வட்ட வளையம்) நடு மையத்தில் இல்லாமல் கொஞ்சம் உயரமாகப் படுத்துவிட்டால், எக்ஸ்ரே வரும் டியூபை மேலே வைத்து ஸ்கேனுக்கு முன்னால் எடுக்கும் டோப்போகிராம் என்ற முன்னோட்டப் படத்தில் அவர் டியூபுக்குக் கிட்டே வந்துவிடுவார், நிழல் பெரிதாக விழும், மெஷினும் ஆள் குண்டு என்று நினைத்து எம்.ஏ.வை (டியூப் கரண்ட், அது ஏறினால் கதிரும் ஏறும்) தானாக ஏற்றிவிடும். தாழ்வாகப் படுத்தால் நேர்மாறு: டோஸ் குறையும், படம் மணல் தூவியது மாதிரி வரும். கேமரா அகச்சிவப்பில் உடம்பின் மேடு பள்ளத்தை அளந்து டேபிளைச் சரியான உயரத்துக்குக் கொண்டுபோகிறது, அதற்கு எக்ஸ்ரே எதுவும் வேண்டாம். பக்கவாட்டு லேசரைப் பொறுமையாகப் பார்த்து வைக்கிற பழைய கை இதைக் கேமரா இல்லாமலே செய்யும். ஆனால் வெளியே இருபது பேர் காத்திருக்கும்போது லேசரை யார் பார்க்கிறார்கள்? ஆள் அடிக்கடி மாறுகிற, கூட்டம் அதிகமான இடம் என்றால் கேமரா வாங்கலாம். போர்வையையும் தலையணையையும் எடுக்காமல் விட்டால் அதுவும் ஏமாறும்.

சி ஆர்ம் கதை வேறு. இங்கே டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன் எல்லோரும் அதே அறையில், நோயாளி உடம்பில் பட்டுச் சிதறும் கதிரில் நிற்கிறார்கள். திருமங்கலம், மேலூர் நாலுவழிச் சாலையில் அடிபட்டுத் தொடை எலும்பு முறிந்து வரும் கேஸை எடுத்துக்கொள்ளுங்கள். எலும்புக்குள்ளே நெய்ல் என்ற உலோகக் கம்பியைப் போட்டு, கடைசியில் கீழ்ப்பக்கம் ஸ்க்ரூ போடும்போது நெய்லின் ஓட்டை திரையில் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். முட்டை வடிவமாகத் தெரிந்தால் கோணம் தப்பு. டாக்டர் டெக்னீஷியனிடம் சொல்வார்: "தம்பி, கொஞ்சம் தலைப்பக்கம்... போதும்... இல்ல, திரும்பக் கால்பக்கம் வா, ஷூட்." ஒவ்வொரு "ஷூட்"டுக்கும் ஒரு எக்ஸ்ரே. வட்டம் கிடைத்ததும் ஏ.பி. (முன்பின் படம்) பார்க்கத் திருப்புவார்கள், மறுபடி லேட்டரலுக்கு (பக்கவாட்டுப் படம்) வந்தால் வட்டம் போயிருக்கும், தேடல் முதலிலிருந்து தொடங்கும்.

மோட்டார் சி ஆர்ம் இந்தத் தேடலைத்தான் குறைக்கிறது: பொசிஷனை நினைவில் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினால் அதே கோணத்துக்குத் திரும்புகிறது. சீமன்ஸின் சியார்டிக் மூவ் ஒரு படி மேலே போய் சக்கரத்தோடு தானே நகர்ந்து வந்து நிற்கிறது. முதுகுத்தண்டு ஆபரேஷன் நிறையச் செய்கிற பெரிய இடத்துக்கு இது தகும். வாரத்துக்கு நாலைந்து எலும்பு கேஸ் பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு வேண்டாம் என்பேன்.

அந்தச் சின்ன இடத்துக்குத் தரையில் சக்கரம் நின்ற இடத்தில் கலர் டேப், குறி பார்க்க லேசர் எய்மர், கடைசிப் படத்தைத் திரையில் நிறுத்திவைத்து அதன்மேலேயே காலிமேட்டரை (கதிர் விழும் பரப்பைச் சுருக்கும் தடுப்பு) நகர்த்தும் வசதி, தொடர்ச்சியாக எடுக்காமல் விட்டுவிட்டு எடுக்கும் பல்ஸ் மோடு, இவ்வளவு போதும். டேப்புக்கு என்ன செலவு? அப்புறம் டியூப் கீழே, படத்தைப் பிடிக்கும் டிடெக்டர் மேலே நோயாளியை ஒட்டி, லேட்டரல் எடுக்கும்போது டாக்டர் டிடெக்டர் பக்கம். நோயாளியிலிருந்து அரை மீட்டரில் நிற்பவர் ஒரு மீட்டருக்குத் தள்ளி நின்றால் சிதறல் கிட்டத்தட்ட கால்வாசியாகிவிடும். இதையெல்லாம் எந்த மோட்டாரும் செய்து தராது.

ஊழியருக்கு ஏ.இ.ஆர்.பி. (இந்தியாவின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) வைத்திருக்கும் கதிர் வரம்பு, ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடமும் 30ஐத் தாண்டக் கூடாது. ஊழியர் மேல் பட்ட கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை ஈய ஏப்ரனுக்கு உள்ளே மாட்டாமல் லாக்கரில் வைத்துவிட்டால் எந்த மெஷின் எவ்வளவு குறைத்தது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

டெமோவுக்கு வருகிறவரிடம் இரண்டு கேளுங்கள். சி.டி. என்றால், புடவை கட்டியவரை அப்படியே படுக்கவைத்து, கேமரா எந்த உயரம் சொல்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். சி ஆர்ம் என்றால், ஆபரேஷன் நடுவில் கரண்ட் போய்விட்டால் மோட்டாரை விடுவித்துக் கையால் தள்ள முடியுமா என்று செய்து காட்டச் சொல்லுங்கள், வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.