யுனிவர்சல் பெடல் கவர் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

கார்ல கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் மூணுக்கும் மேல மாட்டுற அலுமினிய பெடல் கவர் செட் விக்கிறாங்கல்ல, பளபளன்னு, நடுவுல கருப்பு ரப்பர் புள்ளி வச்சு, அதை ஆன்லைன்ல வாங்கி நான் பட்ட பாட்டை அப்படியே எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், ஆனா பிரேக் சம்பந்தப்பட்ட விஷயம், தயவுசெஞ்சு முழுசா படிங்க.

நான் ஸ்டைலுக்காக வாங்கல. என் வண்டியில பிரேக் பெடல் ரப்பர் தேஞ்சு ஒரு ஓரம் வழவழன்னு ஆயிடுச்சு, ஈரக் காலணியோட மிதிச்சா லேசா வழுக்கும். அப்பாவும் அதே வண்டியைத்தான் ஓட்டுறார், அவருக்கு பாதத்துல கொஞ்ச நாளா மரமரப்பு வேற இருக்கு, நல்ல கிரிப் இருந்தா அவருக்கு நிம்மதியா இருக்கும்னு தேடுனேன். அப்போ கண்ணுல பட்டதுதான் இந்த செட். எல்லா காருக்கும் பொருந்தும், டிரில் போட வேண்டாம், அஞ்சே நிமிஷத்துல நீங்களே மாட்டலாம்னு பெருசா போட்டிருந்தாங்க. அதை மட்டும் நம்பி வாங்கல, மாடல், வருஷம் எல்லாம் எழுதி பொருந்துமான்னு கேட்டேன். "100% பொருந்தும் சார்"னு ஒரே வரியில பதில் வந்துச்சு. அதை நம்பி ஆர்டர் போட்டேன்.

பார்சலை பிரிச்சா மூணு தகடு, பின்னாடி கொடுக்கறதுக்கு சின்ன பட்டைகள், ஒரு சின்ன பாக்கெட்ல போல்ட், ஒரு ஆலன் கீ, அப்புறம் படம் மட்டும் போட்ட ஒரு துண்டுச் சீட்டு. அளவுன்னு ஒரு எண் கூட அதுல இல்ல. டிரைவர் சீட்டை முழுசா பின்னாடி தள்ளிட்டு, தலைகீழா படுத்து, ஸ்டியரிங் கம்பிக்கு கீழ தலையை நுழைச்சு, போன் டார்ச்சை பல்லால கடிச்சுக்கிட்டு மாட்டப் பாத்தேன். பிரேக் கவரோட மேல் கொக்கி பிடிக்குது, கீழ் கொக்கி எட்டல. அகலத்துல பாத்தா தகடு என் பெடலை விட ரெண்டு பக்கமும் அரை விரல் வெளிய நிக்குது. கிளட்சுக்கும் இதே கதைதான். ஆக்சிலரேட்டர் இன்னும் மோசம், அது முழுசா பிளாஸ்டிக், பின்பக்கம் வரிவரியா வரம்பு வச்சிருக்கும், தட்டையா இருந்தாத்தானே பின்பட்டை உட்காரும், அங்க உட்காரவே இல்ல. அஞ்சு நிமிஷம்னு சொன்னது ஒன்றரை மணி நேரம் ஆச்சு, தகட்டோட ஓரம் சரியா மழுக்காம விட்டிருந்ததால உள்ளங்கையில ஒரு கீறல் வேற.

விற்பனையாளருக்கு போட்டோ எடுத்து அனுப்புனேன். "ஒரிஜினல் ரப்பரை கழட்டிட்டு இரும்பு மேல மாட்டுங்க சார், கரெக்டா உட்காரும்"னு பதில். இந்த இடத்துலயே நான் நிறுத்தியிருக்கணும். அந்த ரப்பர் பேட் சும்மா அழகுக்கு இருக்கறது இல்ல, இரும்புத் தகட்டோட விளிம்பைச் சுத்தி கவ்விப் பிடிச்சிருக்கும், அதனாலதான் எவ்வளவு மிதிச்சாலும் நகராது. அதை எடுத்துட்டா இரும்பு மேல அலுமினியம், ரெண்டும் வழுக்குற சாமான், நடுவுல பிடிச்சு வைக்க பின்னாடி இருக்கற அந்த சின்ன பட்டையும் ரெண்டு போல்ட்டும்தான். ரப்பர் போனதும் பிரேக், கிளட்ச் கவர் கீழ வரைக்கும் உட்கார்ந்துச்சு, ஆக்சிலரேட்டர் கவரையும் எப்படியோ பிடிக்க வச்சு, போல்ட்டை இறுக்கி கையால ஆட்டிப் பாத்தேன், ஆடல. சரியாயிடுச்சுன்னு நினைச்சுட்டேன். கையால ஆட்டுறதும் கால் மிதிக்கிறதும் ஒண்ணு இல்லன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. கார் பிரேக்குக்கான ஐக்கிய நாடுகள் விதி 13-எச்ல சோதனைக்கு பெடல் மேல 500 நியூட்டன் வரைக்கும் அழுத்தம் கொடுக்கலாம்னு இருக்கு, அதாவது கிட்டத்தட்ட 50 கிலோ எடையை பெடல் மேல வச்ச மாதிரி. பயந்து போய் சடன் பிரேக் அடிக்கிறவன் காலை எடை போட்டா மிதிப்பான்? இந்த கவரை செஞ்சவங்க அந்த அழுத்தத்தை ஒரு தடவையாவது கொடுத்துப் பாத்தாங்களான்னு அந்த சீட்டுல ஒரு வார்த்தை இல்ல.

ரெண்டாவது நாள் சிக்னலுக்கு மெதுவா போய்ட்டு இருந்தேன், முன்னாடி ஒரு பைக். பிரேக் மிதிச்சப்போ காலுக்கு அடியில தகடு ஒரு பக்கமா திரும்பினது தெரிஞ்சுது, அதே நேரம் இன்ஜின் சத்தம் ஏறுது! பிரேக் கவர் வலது பக்கம் நகர்ந்து ஆக்சிலரேட்டர் கவர் கிட்ட போயிடுச்சு, ரெண்டுமே பெடலை விட அகலம்ங்கறதால நடுவுல இருந்த இடைவெளி பாதியா குறைஞ்சு போயிருந்துச்சு, என் ஷூ ஒரே நேரத்துல ரெண்டையும் அழுத்திட்டு இருக்கு. கிளட்சை மிதிச்சு ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்துனேன். பைக்குக்கும் எனக்கும் ஒரு முழம்தான் இருந்திருக்கும். மெதுவா போனதால தப்பிச்சேன். 60 கிலோமீட்டர் வேகத்துல ஒரு வண்டி ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போகும், கால் பெடலைத் தேடுற அந்த ஒரு செகண்டுல என்ன நடக்கும்னு கணக்குப் போட்டுப் பாருங்க. அந்த சீட்ல அப்பா உட்கார்ந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

அன்னைக்கே மூணையும் கழட்டி எறிஞ்சிருக்கணும். ஆனா விற்பனையாளர் "நீங்க மாட்டினது சரியில்ல, நல்ல ஃபிட்டர்கிட்ட கொடுங்க"ன்னு அடிச்சு சொன்னதால ஒரு ஆக்சசரீஸ் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். இது ரெண்டாவது அடி. கடைக்காரர் பாத்துட்டு "பத்து நிமிஷம் சார், வெளிய உட்காருங்க"ன்னார். திரும்பி வந்து பாத்தா, கவர் ஆடாம கெட்டியா இருக்கு, எப்படின்னு குனிஞ்சு பாத்தா ஆக்சிலரேட்டர் பிளாஸ்டிக்ல ரெண்டு ஓட்டை போட்டு ஸ்க்ரூ இறக்கியிருக்கார். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா "எல்லா வண்டிக்கும் இப்படித்தான் சார் பண்றோம், ஒண்ணும் ஆகாது"ங்கறார். கூலியும் வாங்கிட்டார்.

மனசு ஒப்பாம மறுநாள் சர்வீஸ் சென்டர்ல காட்டினேன். மெக்கானிக் தம்பி கவரை கழட்டி, டார்ச் அடிச்சு விரலை வச்சுக் காட்டினார், ஒரு ஓட்டையில இருந்து வரம்பு வரைக்கும் முடி மாதிரி ஒரு விரிசல் ஓடுது. "அண்ணே, இதோட ஓட்டாதீங்க, மிதிச்சு மிதிச்சு ஒரு நாள் ஒடைஞ்சிடும்"னார். சரி, பெடல் மட்டும் மாத்திடலாம்னு பாத்தா அது முடியாதாம். இப்போ வர்ற வண்டிகள்ல ஆக்சிலரேட்டர்ல கேபிள் கிடையாது, பெடல் எவ்வளவு அழுத்துதுன்னு சொல்ற சென்சார் பெடலோடவே ஒரே பார்ட்டா வரும், முழு அசெம்பிளியையும்தான் மாத்தணும். கவருக்குக் கொடுத்த காசைப் போல பல மடங்கு அதுக்கு ஆச்சு.

இதுல இன்னொரு கொடுமை, பிரேக், கிளட்ச் ரப்பர் பேட் மட்டும் தனியா ஸ்பேர்ல கிடைக்குது, ஒரிஜினலே. விலை அந்த அலுமினிய செட்டை விட ரொம்பக் கம்மி. அந்தத் தம்பி கொஞ்சம் சோப்புத் தண்ணி தடவி ஒரு ஓரத்தைக் கோத்து, மறு ஓரத்தை கட்டை விரலால அமுக்கி, ரெண்டு நிமிஷத்துல மாட்டி முடிச்சுட்டார். எனக்கு முதல்ல இருந்தே தேவைப்பட்டது இது மட்டும்தான்.

ரிட்டர்ன் கேட்டதுக்கு "ஃபிட் பண்ணிட்டா எடுக்க மாட்டோம் சார்"னுட்டாங்க. மாட்டிப் பாக்காம பொருந்துதான்னு எப்படி தெரியும்னு நாலு தடவை கேட்டுட்டேன், அதுக்கு பதிலே இல்ல. பொருந்தும்னு அவங்க எழுதிக் கொடுத்த சாட் மெசேஜை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன், நீங்களும் எது வாங்கினாலும் எடுத்து வைங்க. ரிவ்யூ பாக்கும்போதும் ஒரு விஷயத்தைக் கவனிங்க, அஞ்சு ஸ்டார் கொடுத்தவங்கல்லாம் மாட்டின அன்னைக்கே போட்டோ எடுத்துப் போட்டவங்க, ஒரு ஸ்டார் கொடுத்தவங்கதான் ஓட்டிப் பாத்துட்டு வந்து எழுதியிருக்காங்க. நான் அதை லேட்டா போய் படிச்சேன்.

இது சின்ன விஷயம்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 2009ல அமெரிக்காவுல டொயோட்டா கிட்டத்தட்ட 38 லட்சம் வண்டிகளுக்கு ரீகால் (குறையை சரி பண்ண வித்த வண்டிகளைத் திரும்பக் கூப்பிடுறது) அறிவிச்சுது, காரணம் ஃப்ளோர் மேட் ஆக்சிலரேட்டர் பெடலை மாட்டிப் பிடிச்சுக்கிற ஆபத்து. அதுக்கான தீர்வுல பெடலோட கீழ் பகுதியைக் குட்டையாக்கினதும் ஒண்ணு. பெடலுக்கும் தரைக்கும் நடுவுல இருக்கற இடைவெளிக்கு அவ்வளவு மதிப்பு இருக்கு. நாம அங்க நீளமும் தடிமனும் சேத்து ஒரு தகட்டை மாட்டுறோம்.

ஏற்கனவே மாட்டி வச்சிருக்கீங்கன்னா இன்னைக்கே இன்ஜின் ஆஃப்ல ஒரு தடவை பாத்துடுங்க. ஒவ்வொரு பெடலையும் அடி வரைக்கும் மிதிச்சு விடுங்க, கவரோட கீழ் ஓரம் மேட்ல இடிக்குதா, விட்டதும் தானா முழுசா மேல வருதான்னு பாருங்க. அப்புறம் ஓட்டும்போது போடுற அதே ஷூவோட பிரேக்கை முழு பலத்தோட மிதிச்சுக்கிட்டே காலை இடமும் வலமும் திருப்புங்க. பின்பக்கம் போல்ட் முனை நீட்டிக்கிட்டு எதுலயாவது உரசுதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, ஆக்சிலரேட்டர்ல ஓட்டை போட்டிருக்காங்களான்னும் பாருங்க. கொஞ்சம் நகர்ந்தா கூட கழட்டிடுங்க. பழைய ரப்பரைத் தூக்கிப் போட்டிருந்தா உங்க மாடல், வருஷம் சொல்லி ஸ்பேர் கவுன்டர்ல கேளுங்க, புது ரப்பர் வர்ற வரைக்கும் அந்த வண்டியை வீட்ல யார் கையிலயும் கொடுக்காதீங்க.