வான்கோழிக் கொத்துக்கறியா, மாட்டுக் கொத்துக்கறியா: சத்து நோக்கில் ஒரு மதிப்பீடு

எடையைக் குறைக்க முயல்பவர்களுக்கும், கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது என்று மருத்துவர் சொல்லக் கேட்டவர்களுக்கும் தவறாமல் கிடைக்கும் அறிவுரை, மாட்டுக் கொத்துக்கறியை விட்டுவிட்டு வான்கோழிக்கு மாறுங்கள் என்பது. இரண்டையும் சமைத்து உண்டு, பொட்டலங்களில் அச்சிட்டிருக்கும் சத்து அட்டவணைகளை அமெரிக்க வேளாண் துறையின் உணவுத் தரவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், அந்த அறிவுரை பாதி அளவுக்குத்தான் சரி என்று எனக்குப் படுகிறது. எந்த விலங்கின் கறி என்பதைவிட, அதில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

கொழுப்பு 20 சதவீதம் உள்ள மாட்டுக் கொத்துக்கறி சமைப்பதற்கு முன் 100 கிராமுக்கு ஏறத்தாழ 254 கலோரி தருகிறது. புரதம் 17 கிராம். கொழுப்பு 7 சதவீதமாகக் குறைந்தால் அதே மாட்டுக்கறியில் கலோரி 150 அளவுக்கு இறங்குகிறது, புரதமோ 20 கிராமைத் தாண்டுகிறது. இதே கொழுப்பு விகிதத்தில் விற்கப்படும் வான்கோழிக் கொத்துக்கறியும் 150 கலோரிதான் தருகிறது. அதன் புரதம் 19 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதாவது, கொழுப்பு விகிதம் ஒன்றாக இருக்கும்போது கலோரியில் வேறுபாடே இல்லை, புரதத்தில் மாடு சற்று முந்தி நிற்கிறது. பலரும் வான்கோழியின் மெலிந்த வகையை மாட்டின் கொழுத்த வகையோடு ஒப்பிட்டுவிட்டு வான்கோழிக்கு வெற்றி அறிவிக்கிறார்கள். அது நியாயமான போட்டி அல்ல. கொழுப்புச் சதவீதம் எடையைக் கொண்டு சொல்லப்படுவது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். 20 சதவீதம் என்று படிக்கும்போது சிறிதாகத் தெரியலாம், ஆனால் ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி என்று கணக்கிட்டால் அந்தக் கறியின் 254 கலோரியில் 180 கொழுப்பிலிருந்தே வருகிறது.

வான்கோழி என்று மட்டும் எழுதியிருக்கும் பொட்டலத்தில் நெஞ்சுக்கறியோடு தொடைக்கறியும், பல சமயம் தோலும் சேர்த்தே அரைக்கப்பட்டிருக்கும். அத்தகைய கறியில் கொழுப்பு 15 சதவீதம் வரை போகலாம். அது மெலிந்த மாட்டுக்கறியைவிடக் கொழுப்பு மிகுந்தது. நெஞ்சுக்கறியை மட்டும் தோலின்றி அரைத்தது வேறு ரகம். அதில் கொழுப்பு 2 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். உறுதியாகக் கலோரியைக் குறைக்க வேண்டியவர்கள் வாங்க வேண்டியது இதைத்தான்.

வான்கோழிக்கு உண்மையான சாதகம் நிறைவுற்ற கொழுப்பில் இருக்கிறது. கொழுப்பு 7 சதவீதம் உள்ள மாட்டுக்கறியில் இது 100 கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம், வான்கோழியில் 2 கிராமுக்குச் சற்று மேல். இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டுவதில் நிறைவுற்ற கொழுப்புக்குப் பெரும்பங்கு உண்டு என்பதால், இதய நோய் உள்ள குடும்பங்களில் இந்தச் சிறு வேறுபாடும் பொருட்படுத்தத் தக்கதே. கறியிலேயே உள்ள கொலஸ்ட்ரால் அளவில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி கிடையாது.

இரும்புச்சத்துக்கு வரும்போது தராசு மாட்டுக்கறியின் பக்கம் சாய்கிறது. மெலிந்த மாட்டுக் கொத்துக்கறியில் 100 கிராமுக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது, வான்கோழியில் அதில் ஏறக்குறைய பாதிதான். துத்தநாகமும் மாட்டுக்கறியில் ஏறத்தாழ இரு மடங்கு. வயதுவந்தோர்க்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் 2.4 மைக்ரோகிராம் பி12 வைட்டமினில் பெரும்பகுதியை 100 கிராம் மாட்டுக்கறியே தந்துவிடுகிறது. இரத்தசோகை உள்ள பெண்களும் வளரும் பிள்ளைகளும், கொழுப்புக்கு அஞ்சி, உடல் எளிதில் உறிஞ்சிக்கொள்ளும் இந்த இரும்பை இழந்துவிடக் கூடாது என்பதே என் அழுத்தமான கருத்து. அவர்களுக்கு மெலிந்த மாட்டுக்கறியையே பரிந்துரைப்பேன்.

மறுபக்கமும் உண்டு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சிவப்பு இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் வைத்தது. கோழி, வான்கோழி போன்ற பறவை இறைச்சி அந்தப் பிரிவில் இல்லை. உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் சிவப்பு இறைச்சியை வாரத்துக்குச் சமைத்த எடையில் 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. நாள்தோறும் கொத்துக்கறி உண்பவர்கள் பெரும்பாலான நாட்களில் வான்கோழியைத் தேர்ந்தெடுப்பதற்கு இது போதிய காரணம்.

அடுப்பில் இரண்டும் நடந்துகொள்ளும் விதமே வேறு. கொழுத்த மாட்டுக்கறி எண்ணெய் விடாமலேயே வதங்கி, ஓரங்கள் முறுகி, வாணலியில் கொழுப்பைத் தேங்க விடுகிறது. அதை வடித்துவிட்டால் கொழுப்பு ஓரளவு குறையும், ஆனாலும் மெலிந்த கறியின் அளவுக்கு இறங்காது. நெஞ்சுக்கறி வான்கோழியோ நீர் விட்டு வெளுத்து, பிறகு சட்டென்று வறண்டு அடியில் ஒட்டுகிறது. அதற்காக இரண்டு மூன்று கரண்டி எண்ணெய் ஊற்றினால் கொழுப்பில் மிச்சப்படுத்தியது அங்கேயே போய்விடும். பொடியாக நறுக்கிய வெங்காயமோ காளானோ சேர்த்து ஈரப்பதத்தைக் காப்பது நல்லது. மசாலா கலந்து தட்டையாக்கி விற்கும் ஆயத்த வகைகளில் உப்பு மிகுதியாக இருக்கும் என்பதால் அவற்றை நான் பரிந்துரைக்கவில்லை.

அரைக்கும்போது மேற்பரப்பில் உள்ள கிருமிகள் உள்ளே கலந்துவிடுவதால் இரண்டையுமே நடுப்பகுதி வரை வேகவிட வேண்டும்: மாட்டுக் கொத்துக்கறி 71 டிகிரி செல்சியஸ், வான்கோழி 74. இளஞ்சிவப்பு மறைந்ததை மட்டும் நம்பி இறக்கக் கூடாது, ஏனெனில் உரிய வெப்பத்தை எட்டும் முன்பே கறி பழுப்பாக மாறிவிடுவதுண்டு. உணவு வெப்பமானியைக் கறியின் நடுவில் செருகிப் பார்ப்பதே உறுதியான வழி.