கார் அலாரத்தை நம்பி மலை ஏறினோம், ₹83,000 போச்சு

கண்ணாடி இருந்த இடத்தில் அட்டை ஒட்டிய காரில் இப்போதுதான் தண்டையார்பேட்டைக்கு வந்து சேர்ந்தேன். வீட்டுக்குள் போகவில்லை. வண்டியிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மலைக்கோ ட்ரெக்கிங்குக்கோ காரில் போகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். வண்டியில் பொருளை எப்படிப் பாதுகாப்பது என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான், தம்பி, மச்சான் மூன்று பேரும் பருவதமலை போனோம். திருவண்ணாமலை மாவட்டம், ஏறத்தாழ 4,560 அடி. ஏறியவர்களுக்குத் தெரியும், மேலே போகப் போகக் கடப்பாறைப் படி, இரும்புச் சங்கிலி, ஏணி என்று இரண்டு கையும் கம்பியைப் பிடித்தே ஆக வேண்டும். போதாததற்குக் குரங்குகள் வேறு, கையில் பை இருந்தால் பிடுங்கிவிடும். அதனால் தண்ணீர் பாட்டில், பூஜை சாமான் தவிர எதையும் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. மற்றதெல்லாம் வண்டியில்தான் இருக்கும். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

சனிக்கிழமை இரவு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்து நேராகக் கிளம்பியதால் ஆபீஸ் லேப்டாப் கூடவே வந்துவிட்டது. அது 48,000. தம்பியின் போன் 14,000. அவன் காலேஜ் ஃபீஸ் கட்ட வைத்திருந்த பணம் 8,000. எல்லாம் ஒரே பையில், பின் சீட்டுக்குக் கீழே.

வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் அந்தக் கடைக்காரர் வருகிறார்.

என் வண்டி 2014 மாடல். கம்பெனி அலாரம் கிடையாது. மாதம் ஒரு மலை என்று போக ஆரம்பித்ததிலிருந்து எனக்குப் பயம் இருந்தது. வட சென்னையில் ஒரு கார் அக்சசரீஸ் கடை, பெயர் சொல்லப் போவதில்லை. போன மாதம் அங்கே போய், "அண்ணா, மலைக்குப் போறப்ப வண்டி ஏழெட்டு மணி நேரம் தனியா நிக்கும், அதுக்கு ஏத்த மாதிரி ஏதாவது போடணும்" என்று தெளிவாகச் சொன்னேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். எந்த மலை என்று கேட்டார். பருவதமலை என்றதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நானும் ரெண்டு தடவ போயிருக்கேன் தம்பி. நீ மேல சாமிகிட்ட நிம்மதியா நில்லு. கண்ணாடில ஒரு ஈ உக்காந்தா கூட ஊரே எழுந்திரிக்கும்."

சாமி பெயரைச் சொன்னதும் என் மனசு இறங்கிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அதற்கப்புறம் நான் விலை பேசவே இல்லை. அதிர்வு சென்சார், நாலு கதவுக்கும் சென்சார், சைரன், ரிமோட் எல்லாம் சேர்த்து 9,500. "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், வேணாம் தம்பி, நம்ம கடைதானே" என்றார். ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். கடைப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

மாட்டி முடித்ததும் என்னை வண்டிக்குப் பக்கத்தில் நிற்கவைத்துக் காட்டினார். இடது கையால் பின்பக்கக் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டினார். சைரன் அலறியது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும். ஆனால் இன்று யோசித்துப் பார்த்தால் ஒன்று ஞாபகம் வருகிறது. தட்டும்போது அவருடைய வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. ரிமோட்டும் அந்தப் பாக்கெட்டில்தான் இருந்தது. என் கையில் சாவியைக் கொடுக்கும்போது அங்கேயிருந்துதான் எடுத்துக் கொடுத்தார். அந்த ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் சைரன் சும்மாவே அடிக்கும்!

ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஏற ஆரம்பித்தோம். நல்ல தரிசனம். இறங்கி வந்தபோது மணி இரண்டு. பின் கதவை ஒட்டிய சின்னக் கண்ணாடி சுக்குநூறாகக் கிடந்தது. உள்ளே கையை விட்டு லாக்கைத் திறந்திருக்கிறார்கள். பை இல்லை. கதவு சரியாக மூடப்படாமல் லேசாகத் திறந்தே இருந்தது.

பார்க்கிங் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் மரத்தடியை விட்டு நகரவே இல்லை என்றார். "சத்தமே வரலியேப்பா, வந்திருந்தா நான் ஓடி வந்திருப்பேனே" என்றார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் வண்டிக்கும் முப்பது அடி இருக்காது. சாமியின் பெயரைச் சொல்லி மாட்டிய சைரன் அந்த முப்பது அடிக்குக்கூட அடிக்கவில்லை.

அங்கேயே புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டோம். கண்ணாடி மாற்ற 3,500 என்கிறார்கள். 48,000, 14,000, 8,000, 3,500, அப்புறம் இந்த அலாரத்துக்குக் கொடுத்த 9,500. மொத்தம் 83,000. லேப்டாப் பணத்தை ஆபீஸில் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள்.

திங்கள் காலை கடைக்காரருக்குப் போன் செய்தேன். "கஸ்டமர் இருக்காங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். மதியம் நேரில் போனேன். "மாட்டின பசங்க சாப்பிடப் போயிருக்காங்க." நாலு மணி வரை நின்றேன், பசங்க வரவில்லை. அடுத்த நாள் "பேட்டரி வீக்கா இருந்திருக்கும், அலாரம்ல ஒண்ணும் கோளாறு இல்ல" என்றார். பேட்டரி வாங்கி மூன்று மாசம்கூட ஆகவில்லை, அதே பேட்டரியில்தான் இருநூறு கிலோமீட்டர் திரும்பி வந்தோம் என்றேன். "அப்ப கம்பெனிக்கு அனுப்பணும், பதினஞ்சு நாள் ஆகும்" என்றார். கடைசியாக என்னைப் பார்த்து, பத்துப் பேர் முன்னால், "மலைக்குப் போறவன் எதுக்குப் பைய வண்டில வைக்கற? பில் இருக்கா உன்கிட்ட?" என்று கேட்டார்.

அதே மனிதர்! டீ வாங்கிக் கொடுத்து, தம்பி என்று கூப்பிட்டு, பில் வேண்டாம் என்று சொன்ன அதே மனிதர். அன்று ராத்திரி முதல் வாட்ஸ்அப்பில் அவர் படம் காணவில்லை. நான் அனுப்புவது ஒரு டிக்கோடு நிற்கிறது.

நேற்று வியாசர்பாடியில் எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் வண்டியை விட்டேன். டேஷ்போர்டைக் கழற்றி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அலாரம் பெட்டியிலிருந்து கதவு சுவிட்சுக்குப் போக வேண்டிய வயரைச் சுருட்டி, கறுப்பு டேப் சுற்றி, ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகி வைத்திருந்தார்கள். அதிர்வு சென்சார் மாட்ட வேண்டிய சாக்கெட் காலி. சென்சாரே இல்லை. ரிமோட்டில் லாக் ஆகும், அன்லாக் ஆகும், பட்டனை அழுத்தினால் சைரன் அடிக்கும். அவ்வளவுதான் அது. கதவு வயரை இணைக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். ஒரு மணி நேர வேலை என்றார். ஒரு மணி நேர வேலையை மிச்சம் பிடிக்க என் 83,000-ஐ வாரிக் கொடுத்துவிட்டார் அந்த ஆள்.

இன்ஷூரன்ஸையும் கேட்டுவிட்டேன். சாதாரண கார் பாலிசியில் கண்ணாடிக்கு க்ளெய்ம் உண்டு, உள்ளே இருந்த பைக்கு ஒன்றும் கிடையாது. அதற்குத் தனியாக ஆட்-ஆன் போட்டிருக்க வேண்டுமாம். கண்ணாடிக்குக் க்ளெய்ம் செய்தால் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் செய்யாததற்கு அடுத்த பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும். அதனால் அதையும் விட்டுவிட்டேன்.

சரி, சொல்கிறேன் என்றேனே. அலாரம் மாட்டினால் கடைக்காரர் தட்டிக் காட்டுவதை நம்பாதீர்கள். ரிமோட்டை நீங்கள் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடியை இறக்கி விட்டு, வெளியே நின்று லாக் செய்து, கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கதவைத் திறந்து பாருங்கள். அடிக்கவில்லையா, பணம் கொடுக்காதீர்கள். பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள், ஜிஎஸ்டி போனால் போகட்டும். லேப்டாப்பையும் பணத்தையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், இல்லையென்றால் வழியில் சொந்தக்காரர் வீட்டிலாவது கொடுத்துவிட்டுப் போங்கள். சீட்டுக்குக் கீழே வைப்பது ஒளித்து வைப்பது ஆகாது, திருடன் முதலில் பார்ப்பதே அங்கேதான். போன் போனால் உடனே போலீஸ் புகார் நகலை வைத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை முடக்குங்கள். தம்பி போனை முடக்கிவிட்டோம். இன்னும் நிறையச் சொல்ல நினைத்தேன், இப்போது எதுவும் ஓடவில்லை.

1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதிவு செய்திருக்கிறேன். பில் இல்லாவிட்டாலும் ஜிபே செய்த ஆதாரம் இருக்கிறது, எலக்ட்ரீஷியன் கழற்றும்போது எடுத்த வீடியோவும் இருக்கிறது. இதே மாதிரி டேப் சுற்றிய வயரோடு யாராவது வட சென்னையில் மாட்டிக்கொண்டிருந்தால் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம். அம்மாவிடம் 8,000 விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. இப்போது மேலே போய்ச் சொல்ல வேண்டும்.