29-ஆ, 14.5-ஆ? ஐரோப்பாவின் எரிபொருள் இலக்கில் இரண்டு வழிகள்

ஐரோப்பிய ஒன்றியம் தன் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டத்தை 2023 அக்டோபரில் திருத்தியபோது, போக்குவரத்துத் துறைக்கு ஒரே இலக்கை வைக்காமல் இரண்டை வைத்து, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று உறுப்பு நாடுகளிடம் விட்டுவிட்டது. ஒன்று, 2030-ல் போக்குவரத்தில் செலவாகும் ஆற்றலில் 29% புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். இன்னொன்று, விற்கிற ஆற்றலில் மெகாஜூலுக்கு (ஆற்றலை அளக்கும் அலகு) இத்தனை கிராம் என்று வரும் பசுமை இல்ல வாயு உமிழ்வு, 2030-க்குள் 14.5% குறைய வேண்டும். வசதிக்காக முதலாவதைப் பங்கு முறை என்றும் இரண்டாவதை உமிழ்வு முறை என்றும் சொல்கிறேன்.

நான் நெதர்லாந்தில் ஓர் எரிபொருள் விநியோக நிறுவனத்தில் இந்தக் கணக்குகளைப் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். எங்கள் சரக்கு நெதர்லாந்திலும் விற்கும், எல்லை தாண்டி ஜெர்மனியிலும் விற்கும். நெதர்லாந்தில் பல வருஷங்களாகப் பங்கு முறைதான் இருந்தது. ஜெர்மனியில் 2015-லிருந்தே உமிழ்வு முறை. ஒரே தொட்டியில் இருக்கும் பயோடீசலுக்கு (எண்ணெய் வித்து, பழைய சமையல் எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்யும் டீசல்) இரண்டு விதமாகக் கணக்குப் போட்டுப் பழகிவிட்டோம். புதிய சட்டத்தின் கீழ் நெதர்லாந்து எதை எடுக்க வேண்டும் என்று அலுவலகத்தில் பேச்சு வந்தபோது, குறிப்பு எழுதும் வேலை எனக்கு வந்தது. உமிழ்வு முறை என்று எழுதினேன். நெதர்லாந்து அரசும் கடைசியில் அந்தப் பக்கமே போக முடிவு செய்தது. ஏன் அப்படி எழுதினேன், எந்த இடங்களில் இன்னும் தயக்கம் இருக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் இந்த இரண்டும் எங்கிருந்து வந்தன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2003-ல் வந்த உயிரி எரிபொருள் சட்டம் 2005-க்கு 2%, 2010-க்கு 5.75% என்று இலக்கு வைத்தது. கட்டாயம் இல்லை, அதனால் எட்டவும் இல்லை. 2009-ல் ஒரே நேரத்தில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று 2020-க்குள் போக்குவரத்தில் 10% புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்றது. எரிபொருள் தரத்துக்கான மற்றொன்று, 2010-ஐ அடிப்படையாக வைத்து உமிழ்வை 6% குறை என்றது. ஆக, ஐரோப்பா பத்து வருஷம் இரண்டு அளவுகோல்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறது. 2020-ன் முடிவில் முதல் இலக்கு ஒன்றியம் முழுவதற்குமாக 10.2% என்று எட்டப்பட்டது. இரண்டாவது எட்டப்படவில்லை. அதே சாலைகள், அதே எரிபொருள். ஒரு கணக்கில் தேர்ச்சி, இன்னொன்றில் இல்லை. எந்த அளவுகோல் உண்மைக்கு நெருக்கம் என்ற கேள்வி எனக்கு அங்கேதான் தொடங்கியது.

2021-ல் ஐரோப்பிய ஆணையம் முன்வைத்த வரைவில் இந்தத் தேர்வே கிடையாது. 13% உமிழ்வுக் குறைப்பு மட்டும்தான் இருந்தது. பழைய பங்கு முறையையும் விட்டுவைக்க வேண்டும் என்று கேட்டவை உறுப்பு நாடுகளின் அரசுகள். பேரம் முடிந்தபோது 29, 14.5 என்று இரண்டும் சட்டத்தில் ஏறின.

பங்கு முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எண்ண எளிது. சிறிய நாடு, நாலு பேர் இருக்கும் அலுவலகம் என்றாலும் நடத்திவிடலாம். நாட்டின் மொத்த ஆற்றலுக்கான இலக்கும், அதாவது ஒன்றியம் முழுவதற்குமான 42.5%, அதே மாதிரிப் பங்காகவே இருப்பதால் இரண்டும் எளிதாகப் பொருந்தும். இதையெல்லாம் மறுக்க முடியாது.

ஆனால் பங்கு முறையில் 29 என்பது உண்மையான 29 இல்லை. கழிவுகளிலிருந்து வரும் எரிபொருளை இரண்டு மடங்காக எண்ணலாம். சாலை வாகனங்களுக்குப் போகும் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை நான்கு மடங்காக எண்ணலாம். நெதர்லாந்தின் பங்கு முறையில், விநியோக நிறுவனம் விற்ற ஒவ்வொரு கிகாஜூலுக்கும் (1,000 மெகாஜூல்) அதன் கடமைக் கணக்கில் ஓர் அலகு கிடைத்தது. பழைய சமையல் எண்ணெயில் செய்தது என்றால் அதே கிகாஜூலுக்கு இரண்டு. சாலையில் எரிந்தது ஒன்று, ஏட்டில் ஏறியது இரண்டு. மீதி ஒன்றின் இடத்தில் சாதாரண டீசல்தான் எரிந்திருக்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது இதைவிட ஆழமான ஒன்று: ஒரு முறை எதற்குக் காசு கொடுக்கிறது என்பது. மற்றதெல்லாம் எனக்கு அடுத்தபடிதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பங்கு முறையில் உமிழ்வு என்பது வெறும் நுழைவுத் தகுதி. 2021 ஜனவரியிலிருந்து உற்பத்தியைத் தொடங்கிய ஆலையின் உயிரி எரிபொருள், புதைபடிவ எரிபொருளோடு ஒப்பிட்டால் 65% உமிழ்வைச் சேமிக்க வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் போதும். பரீட்சையில் 35 எடுத்தாலும் 95 எடுத்தாலும் ஒரே சான்றிதழ் என்பது போல. அதற்கு மேல் மெனக்கெட எந்த ஆலைக்கும் காரணம் இல்லை.

மூன்று எரிபொருள்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 1,000 மெகாஜூல். பயோடீசல் என்றால் சுமார் 30 லிட்டர். அதன் இடத்தில் புதைபடிவ எரிபொருள் எரிந்திருந்தால், மெகாஜூலுக்கு 94 கிராம் என்ற சட்டக் கணக்குப்படி 94 கிலோ உமிழ்வு.

முதலாவது, ரேப்சீட் பயோடீசல். ஐரோப்பிய வயல்களில் மஞ்சளாகப் பூக்கும், கடுகுக்கு உறவான எண்ணெய் வித்து அது. 65% சேமிப்பு என்றால் தவிர்க்கப்படும் உமிழ்வு 61 கிலோ. இரண்டாவது, பழைய சமையல் எண்ணெயிலிருந்து வரும் பயோடீசல். சட்ட இணைப்பில் இருக்கும் இயல்பு மதிப்பு (ஆலை தன் உமிழ்வைத் தானே கணக்கிடாதபோது எடுத்துக்கொள்வது) 84%, அதாவது 79 கிலோ. மூன்றாவது, மாட்டுச் சாணத்திலிருந்து வரும் பயோமீத்தேன். சாணத்தைத் திறந்த குட்டையில் விட்டால் மீத்தேன் காற்றில் கலக்கும். மூடிய கலனில் பிடித்து எரிபொருளாக்கினால் அந்தக் கசிவும் நிற்கிறது. அதையும் சேர்ப்பதால், நல்ல ஆலை என்றால் சட்டக் கணக்கிலேயே 200%-க்கு மேல் சேமிப்பு வருகிறது. கிட்டத்தட்ட 190 கிலோ.

பங்கு முறையில் இவை மூன்றும் முறையே 1,000, 2,000, 2,000 என்று பதிவாகும். உமிழ்வு முறையில் 61, 79, 190. ரேப்சீடுக்கும் பழைய எண்ணெய்க்கும் இடையே உண்மையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வித்தியாசம். பங்கு முறை அதை இரட்டிப்பாக்கிக் காட்டுகிறது. பழைய எண்ணெய்க்கும் சாணத்துக்கும் இடையே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். பங்கு முறை அதைப் பார்க்கவே இல்லை. பெரிய வித்தியாசத்தை மறைத்து, சின்ன வித்தியாசத்தை ஊதிக் காட்டும் அளவுகோலை வைத்துக்கொண்டு ஆலைக்காரர் எதில் முதலீடு செய்வார்?

இதை எங்கள் கொள்முதலிலேயே பார்க்கலாம். பங்கு முறை இருந்தபோது சரக்கு நெதர்லாந்துக்கு என்றால், எந்த மூலப்பொருள், சான்றிதழ் இருக்கிறதா, இந்த இரண்டும்தான் கேள்வி. ஜெர்மனிக்கு என்றால் மெகாஜூலுக்கு எத்தனை கிராம் என்று கேட்காமல் விலையே பேச மாட்டோம். அதே ரேப்சீட் பயோடீசலை ஆலை நீராவிக்கு இயற்கை எரிவாயுவை விட்டு மரத்துண்டுகளை எரித்துச் செய்து, சேமிப்பு 65-லிருந்து 72% ஆகிறது என்று வையுங்கள். ஜெர்மனியில் அதற்குக் கூடுதல் விலை உண்டு. பங்கு முறையில் ஒரு காசு கூட இல்லை. உரம் குறைவாகப் போட்ட விவசாயியின் உழைப்புக்கும் இதே கதிதான்.

ஜெர்மனியில் அங்கு விற்ற உயிரி எரிபொருளின் சராசரிச் சேமிப்பு, முறை மாறிய 2015-ல் 70% அளவில் இருந்தது. 2018-க்குள் 80%-ஐத் தாண்டியது. இந்த ஏற்றம் முழுக்க ஆலைகளில் நடந்த மாற்றம் என்று சொல்ல மாட்டேன். ஒரு பகுதி, இயல்பு மதிப்பைப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் உட்கார்ந்து உண்மையான அளவைக் கணக்கிட ஆரம்பித்ததால் வந்தது. ஆனாலும் கணக்கிட வைத்ததே ஒரு முன்னேற்றம் என்று நினைக்கிறேன். எது எவ்வளவு உமிழ்கிறது என்று தெரியாமல் எதையும் குறைக்க முடியாது.

சரி, தயக்கங்களுக்கு வருகிறேன்.

உமிழ்வு முறையில் ஒவ்வொரு கிராமுக்கும் விலை இருப்பதால், கிராமைக் காகிதத்தில் குறைத்துக் காட்டவும் ஆசை வரும். ஜெர்மனி இதில் அடி வாங்கியிருக்கிறது. எண்ணெய்க் கிணறுகளிலேயே உமிழ்வைக் குறைத்ததாகக் காட்டினாலும் கணக்கில் சேரும் என்றிருந்தது. 2024-ல், சீனாவில் நடப்பதாகச் சொல்லப்பட்ட அப்படிப்பட்ட திட்டங்கள் பலவற்றில் மோசடிச் சந்தேகம் எழுந்தது; அந்த வழியையே ஜெர்மனி மூடும்படி ஆனது. பழைய சமையல் எண்ணெய் என்ற பெயரில் புது எண்ணெய் வருகிறதா என்ற சந்தேகமோ இரண்டு முறைகளுக்கும் பொது. பாமாயில் போலக் காடழிப்பு ஆபத்து அதிகமுள்ள எண்ணெய் 2030-க்குள் கணக்கிலிருந்தே வெளியேற வேண்டும் என்பதால், பெயர் மாற்றும் ஆசை எந்த முறையிலும் முழுதாகப் போகாது. நல்ல தணிக்கையாளர்கள் இல்லாத நாட்டுக்கு உமிழ்வு முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது தயக்கம் இன்னும் கனமானது. உணவுப் பயிர் நிலம் எரிபொருளுக்குப் போனால், வேறெங்கோ காடு வயலாகும். இந்த மறைமுக உமிழ்வுக்குச் சட்டத்திலேயே மதிப்பீடு இருக்கிறது: தானியத்துக்கு மெகாஜூலுக்கு 12 கிராம், சர்க்கரைப் பயிருக்கு 13, எண்ணெய் வித்துக்கு 55. ஆனால் இவை அறிக்கையில் மட்டுமே வரும். இலக்குக் கணக்கில் சேராது. மேலே சொன்ன ரேப்சீடில் 65% சேமிப்பு போக மீதி 33 கிராம். அதோடு 55-ஐச் சேர்த்தால் 88. டீசலின் 94-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. உமிழ்வு முறை இங்கே துல்லியமாக இருப்பது போல ஒரு தோற்றத்தைத் தரும், அது எனக்கு உறுத்துகிறது. உணவுப் பயிர் எரிபொருளுக்கு உச்சவரம்பு வைத்திருப்பதுதான் இதற்கு இப்போதைக்குக் காவல், அது இரண்டு முறைகளிலும் இருக்கிறது. அதை யாரும் தளர்த்தக் கூடாது.

இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று எண்ண வைக்கும் பெருக்கல் எண்கள் உமிழ்வு முறையிலும் பின்வாசல் வழியாக வரலாம். மின்சாரத்தின் ஒப்பீட்டு மதிப்பாக 94-க்குப் பதில் 183 கிராம் எடுத்துக்கொள்ளச் சட்டமே சொல்கிறது. மின் மோட்டாரின் திறன் அதிகம் என்பதால் இதில் நியாயம் இருக்கிறது. ஜெர்மனி அதற்கும் மேலே போய், மின்வாகனங்களுக்குப் போகும் மின்சாரத்தை மூன்று மடங்காக எண்ணியது. அது தேவையில்லை என்பது என் கருத்து.

ஸ்வீடனை உமிழ்வு முறையின் தோல்வி என்று சிலர் காட்டுகிறார்கள். எரிபொருள் நிறுவனங்கள் உமிழ்வை இத்தனை சதவீதம் குறைக்க வேண்டும் என்று 2018-ல் தொடங்கிய அங்கத்திய கடமை 2023-ல் டீசலுக்கு 30.5% வரை ஏறியிருந்தது. பம்பில் விலை கூடியது, அரசு மாறியது, 2024 ஜனவரியில் அதை 6%-க்கு இறக்கினார்கள். அந்த ஆண்டே போக்குவரத்து உமிழ்வு ஏறியது. எனக்கு அது இலக்கின் உயரத்தைப் பற்றிய தகராறாகத்தான் படுகிறது. அதே உயரத்தில் பங்கு முறை இருந்திருந்தாலும் விலை ஏறியிருக்கும். ஆனால் முதலீட்டாளரின் இடத்திலிருந்து பார்த்தால் எந்த முறை என்பதை விட, அது பத்து வருஷம் நிலைக்குமா என்பதே பெரிய கேள்வி. அந்த விஷயத்தில் எந்த முறையும் தானாக உத்தரவாதம் தராது.

ஒன்றியத்துக்கே இதில் ஒரு மனசு இல்லை என்பதையும் கவனிக்கலாம். அதே 2023-ல் விமானங்களுக்கு அளவின் பங்காக இலக்கு வைத்தார்கள்: 2025-ல் 2%, 2030-ல் 6%, 2050-ல் 70%. கப்பல்களுக்கு உமிழ்வுக் குறைப்பாக வைத்தார்கள்: 2025-ல் 2%, 2030-ல் 6%, 2050-ல் 80%. விமானத்தில் பங்கு முறை எனக்குச் சரியாகவே படுகிறது. அங்கே பொருளே சந்தையில் குறைவு. முதலில் ஆலைகள் எழ வேண்டும், அதற்கு இத்தனை டன் நிச்சயமாக விற்கும் என்ற உறுதி தேவை. ஹைட்ரஜனிலிருந்து வரும் எரிபொருளுக்கு 2030-ல் குறைந்தது 1% என்று புதிய சட்டம் தனியாக வைத்திருப்பதும் அதே காரணத்துக்காக இருக்கலாம். அந்த எரிபொருளை நான் கையால் தொட்டு வேலை செய்ததில்லை என்பதால், அதில் என் கருத்துக்கு அதிக எடை கொடுக்க வேண்டாம்.

சாலைப் போக்குவரத்தில் நிலைமை வேறு. பயோடீசலும் எத்தனாலும் பயோமீத்தேனும் ஏற்கனவே சந்தையில் இருக்கின்றன, அவற்றுக்குள் எது நல்லது என்று பிரித்தெடுப்பதுதான் மிச்சமிருக்கும் வேலை. குறிப்பில் உமிழ்வு முறையைப் பரிந்துரைத்ததோடு இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தேன். எந்த எரிபொருளுக்கும் சட்டம் கேட்காத பெருக்கல் எண்ணைத் தேசிய அளவில் புதிதாக நுழைக்கக் கூடாது. மூலப்பொருள் புறப்படும் இடத்திலேயே, முன்னறிவிப்பு இல்லாமல் சோதிக்கும் தணிக்கைக்கு அரசு தன் பட்ஜெட்டிலிருந்து பணம் ஒதுக்க வேண்டும். அலுவலகத்தில் முதல் நிபந்தனைக்கு எதிர்ப்பு வந்தது. பெருக்கல் எண்களால் எங்கள் கடமையை மலிவாக முடிக்கலாம் என்பதால் அது இயல்புதான். இரண்டாவதை யாரும் மறுக்கவில்லை.